இரண்டு வரிக் காகிதம்

கனடாவின் சிப்பாய்கள் கோட்டைக்கு வந்துசேர இன்னும் நாற்பத்தாறு மணி நேரம் இருந்தது.

நார்சீஸ் கணக்குப் போட்டது இப்படித்தான். படகுகள் ஏரியைத் தாண்டி ஆற்றுக்குள் நுழைந்ததை மீன் பிடிக்கப் போன ஒருவன் விடிகாலையில் பார்த்திருக்கிறான். இனி எதிர்நீரில் துடுப்பு போட்டு வரவேண்டும். நடுவில் கல்கோட்டையில் ஒரு ராத்திரி தங்குவார்கள். ஆனால் படகுகளுக்கு முன்னால் கரையோரமாகக் குதிரைக்காரர்களை அனுப்புவார்கள். அவர்கள் ஒரு நாள் முந்தியே வந்துவிடலாம். ஆக மிச்சம் இருபத்திரண்டு. தெற்கே அமெரிக்க எல்லைக்கு, எங்கும் தூங்காமல் குதிரையில் போனால் பதினெட்டு மணி நேரம். இருபத்திரண்டில் பதினெட்டு போனால் நாலு.

அக்காவின் கணவர் மொயீஸ் வீட்டைவிட்டுக் கிளம்ப நாலு மணி நேரம் இருந்தது. அவரோ வீட்டுச் சுவருக்கு மண் பூசிக்கொண்டிருந்தார்.

வடக்குச் சுவரை ஒட்டி ஒரு குழி. அதில் வெள்ளைக் களிமண்ணும் நறுக்கிய வைக்கோலும் தண்ணீரும். மொயீஸ் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தார். கொசுவுக்காகப் பக்கத்தில் ஈரப்புல்லைக் கொளுத்தியிருந்தார்கள். புகை அவர் இடுப்பைச் சுற்றிக்கொண்டு நின்றது.

"வாங்க மந்திரி கிளார்க்கு! அந்த ஓட்டாவா பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள இறங்கு. நாலு மிதி மிதி."

"அத்தான், படகு ஆத்துக்குள்ள வந்திருச்சாம்."

"வரட்டுமே. மழைக்கு முன்னாடி இந்தச் சுவர் காயணும். யாரு முதல்ல முடிக்கிறாங்கன்னு அவங்களுக்கும் எனக்கும் பந்தயம்."

அக்கா ஜோஸெத் வாசலில் நின்று மாவுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அவங்கதான் ஜெயிப்பாங்க. இந்த மனுஷன் மூணு நாளா ஒரே சுவரைத் தடவிக்கிட்டிருக்கார். குதிரைக்குக்கூட இவ்வளவு தடவல் கிடையாது."

"குதிரை பதிலுக்கு உதைக்கும். சுவர் உதைக்காது," என்றார் மொயீஸ்.

நார்சீஸ் பூட்ஸைக் கழற்றினான். மண் குளிர்ச்சியாக இருந்தது. இரண்டு பேரும் எதிரெதிராக நின்று மிதித்தார்கள்.

"அத்தான், கொஞ்ச நாள் தெக்கே போய் இருந்துட்டு வாங்களேன். சும்மா, ஒரு மாசம்."

"எதுக்கு?"

"வர்றவங்க எப்படிப்பட்டவங்கன்னு தெரியாது. படகுல பாதிப்பேரு மார்ச் மாசத்துக் கணக்கைத் தீர்க்கறதுக்குன்னே பேர் கொடுத்து வந்தவங்களாம்."

மொயீஸ் மிதிப்பதை நிறுத்தினார். மார்ச் மாதத்துப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

போன இலையுதிர் காலத்தில், இங்கே ஆட்சி நடத்திவந்த தோல் வியாபாரக் கம்பெனி இந்தச் சிவப்பாற்று நிலம் முழுவதையும் கனடாவுக்கு விற்றது. அதில் குடியிருந்த பத்தாயிரம் பேரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அளவுச் சங்கிலியோடு ஆட்கள் வந்து மொயீஸின் பார்லி வயலுக்குக் குறுக்கே கோடு போட்டபோதுதான் விஷயமே தெரிந்தது. ஜனங்கள் கோட்டையைப் பிடித்துக்கொண்டு தங்களுக்கென்று ஓர் அரசை வைத்துக்கொண்டார்கள். எங்களிடம் பேசிவிட்டு உள்ளே வா என்று கனடாவுக்குச் சொன்னார்கள். அந்தக் குளிர்காலத்தில், மார்ச்சில், கனடாவிலிருந்து வந்து அரசை எதிர்த்து ஆயுதம் எடுத்த ஒருவனுக்கு மரண தண்டனை விதித்தார்கள். கோட்டைச் சுவரோரம் ஆறு துப்பாக்கிகள் அவன் எதிரே நின்றன. அதில் ஒன்று மொயீஸின் கையில் இருந்தது.

"மன்னிப்பு இருக்கறவன் ஓடினா அவன் குத்தவாளின்னு ஆயிரும்," என்றார் மொயீஸ். "நீதானே ஓட்டாவா போய் வாங்கிட்டு வந்த? இப்ப நீயே ஓடுங்கற. போன குளிர் முழுக்க நான் குதிரை மேலயே இருந்தேன் மச்சான். அதுக்கு முன்னாடி வருஷம் பூரா காட்டெருமைக்குப் பின்னாடி. அலுத்துப் போச்சு. ஒரு சுவரைப் பூசி, அதுக்கு உள்பக்கமா உக்காந்து டீ குடிக்கணும்னு இருக்கு."

"அதையும் நான்தான் போட்டுத் தரணும்," என்றாள் ஜோஸெத். பிறகு தம்பியிடம் திரும்பினாள். "நார்சு, எனக்கு ஒண்ணு செய்யி. அந்த மன்னிப்புக் காகிதத்துக்கு நகல் ஒண்ணு எழுதிக் குடு. கதவுல அடிச்சு வைக்கிறேன். வர்றவனுக எங்க பேச்சைக் கேக்க மாட்டானுக. காகிதத்தைக் கேப்பானுக."

"உனக்குப் படிக்கத் தெரியாதே அக்கா."

"அவனுகளுக்குத் தெரியுமில்ல?"

நார்சீஸ் குழியிலிருந்து ஏறினான். "காகிதப் பெட்டி கஸ்பார் ஐயா வீட்டுல இருக்கு. போயிட்டு வரேன்," என்றான். கால் கழுவாமலே பூட்ஸைப் போட்டுக்கொண்டான்.

பொழுது காலை பத்தேகால். மிச்சம் மூன்றே முக்கால் மணி நேரம்.

*

கனடாவின் தலைநகரான ஓட்டாவாவில் ஜனங்களின் தூதர்களோடு ஆறு வாரம் பேசினார்கள். தூதர்களில் ஒருவரான கஸ்பாருக்கு எழுத்தராகத்தான் நார்சீஸ் போனான். கம்பெனி அலுவலகத்தில் எட்டு வருஷம் நகல் எழுதியவன். அந்த ஆறு வாரத்தில் அவன் தெரிந்துகொண்டது, பெரிய மனிதர்கள் களைப்பை ஓர் ஆயுதமாக வைத்திருக்கிறார்கள் என்பதுதான். திங்கட்கிழமை ஒப்புக்கொண்டதைப் புதன்கிழமை மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். நிலத்துக்கு ஒன்பது நாள். பள்ளிக்கும் மொழிக்கும் ஐந்து நாள். ஒவ்வொரு சொல்லும் கடைசியில் சட்டத்தில் ஏறியது. ஒன்றைத் தவிர. குளிர்காலத்தில் நடந்த எதற்காகவும் யாரையும் தண்டிப்பதில்லை என்ற மன்னிப்பு மட்டும் பாக்கி நின்றது. "அதைப் பார்த்துக்கொள்ளலாம்," என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மே மாதம் பத்தொன்பதாம் தேதி கஸ்பார் வயிற்று வலியில் விடுதிக் கட்டிலில் சுருண்டு கிடந்தார். "நம்மளோட பேசற மந்திரி நாளைக்கு ஊருக்குக் கிளம்பறார். இன்னைக்கே போ தம்பி. பெரிய பத்திரம் வேண்டாம். ரெண்டு வரி. கீழ கையெழுத்து. அதில்லாம திரும்பாத," என்றார்.

இரண்டு வரியை நார்சீஸே எழுதினான். பேனாவும் மைப்புட்டியும் சட்டைப்பையில். மந்திரியின் அலுவலகக் கட்டடத்துப் படிக்கட்டில் மூன்று மணி நேரம் நின்றான். மந்திரி வண்டியை நோக்கி இறங்கி வந்தார். நார்சீஸ் வழிமறித்து விஷயத்தைச் சொன்னான். மந்திரிக்கு அவன் பேசும் பிரெஞ்சு நன்றாகத் தெரியும். பொறுமையாகக் கேட்டார்.

"உங்க ஆளுங்க ஒருத்தர் மேலயும் யாரும் கை வைக்க மாட்டாங்க. போய்ச் சொல்லுங்க," என்றார்.

சொல்லிக்கொண்டே தொப்பியைக் கழற்றினார். நல்ல வெயிலில், வெறுந்தலையோடு, ஒரு கணம் நின்றார்.

காட்டெருமை வேட்டைக்குப் போகும் ஜனங்களில் பிறந்தவன் நார்சீஸ். ஆயிரம் வண்டிகள் சமவெளியில் ஒன்றுகூடும். தலைவன் வானத்துக்குக் கீழே தொப்பியைக் கழற்றி நின்று ஒன்றைச் சொல்வான். அந்த வேட்டை முடியும்வரை அதுதான் சட்டம். யாரும் எழுதிக்கொள்வதில்லை. தொப்பி கழற்றியவனிடம் 'நிஜமாகவா?' என்று கேட்டால் கேட்டவனிடமிருந்து மற்றவர்கள் தங்கள் வண்டிகளைத் தள்ளி நிறுத்துவார்கள். அப்பா அப்படித்தான் வளர்த்திருந்தார்.

அவன் கை காகிதத்தை எடுக்கப் போனது. எடுக்கவில்லை. நாலாக மடிந்திருந்ததைப் பைக்குள்ளேயே இன்னும் ஒரு மடிப்பு மடித்தான்.

வண்டி கிளம்பியது. அவன் திரும்பினான். பின்னாலிருந்த பலகை நடைபாதையில் பச்சை உடுப்பு போட்ட ஒரு சீமாட்டி, குடையைச் சற்றுச் சாய்த்து, போகும் வண்டியைப் பார்த்து, வணக்கத்துக்குப் பதில் சொல்வதுபோல் தலையசைத்துக்கொண்டிருந்தாள். வண்டிக்குள் மந்திரி தொப்பியைத் திரும்ப வைத்துக்கொண்டார்.

தெருமுனையில் மரப்பாரம் ஏற்றிய ஒரு வண்டி வழியை அடைத்து நின்றது. மந்திரியின் வண்டி அதன் பின்னால் இரண்டு நிமிடம் நின்றது. ஓடியிருந்தால் எட்டிப் பிடித்திருக்கலாம். நூறடிகூட இல்லை. அவன் ஓடவில்லை. வெட்கமாக இருந்தது. ஒரு மந்திரியின் வண்டிக்குப் பின்னால், சமவெளிக்காரன் ஒருவன், கையில் மைப்புட்டியோடு.

விடுதிக்குத் திரும்பியபோது கஸ்பார் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "குடுத்தாரா?"

"குடுத்தார்," என்றான் நார்சீஸ்.

வாக்குக் கொடுத்தார் என்ற பொருளில்தான் சொன்னான். ஆனால் அந்த நேரத்தில் அப்படி நினைத்துத்தான் சொன்னானா என்பது இப்போது அவனுக்கே நிச்சயமில்லை. ஜூனில் ஊர்க்கூட்டத்தில் கஸ்பார் எழுந்து "மன்னிப்பு கிடைச்சாச்சு" என்றதும் வானத்தைப் பார்த்துத் துப்பாக்கி வெடித்தார்கள். மொயீஸ் செருப்பு தேய்கிறவரை ஆடினார்.

அன்றிலிருந்து நார்சீஸ் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்கியதில்லை.

*

ஆற்றைக் கடந்து கஸ்பார் வீட்டை அடைய நாற்பது நிமிடம் ஆனது. கிழவர் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். அந்த ஊர்க்கூட்டத்துக்குப் பின் அவர் சரியாக எழுந்திருக்கவே இல்லை. கண்ணும் போய்விட்டது.

"யாரு, நார்சீஸா? நடையிலயே தெரியுது. மாடு காணாமப் போனவன் மாதிரி நடக்கற."

"ஐயா, படகு வந்திருச்சு."

"சொன்னாங்க. வரவேற்புப் பத்திரம் படிக்கணுமாம். நான் படுத்துக்கிட்டே வரவேக்கறேன்னு சொல்லிட்டேன்."

"அந்த மன்னிப்புக் காகிதம்..."

"பெட்டியில இருக்கும்."

"பெட்டியில நீங்க பாத்தீங்களா ஐயா?"

"எனக்குப் பெட்டியே தெரியல, காகிதமா தெரியப்போவுது?" சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரம் பிடித்தது.

நார்சீஸ் கட்டிலருகே மண்டியிட்டான். "ஐயா, அன்னைக்கு நான் குடுத்தார்னு சொன்னேன். அது வந்து..."

"நிறுத்து."

கிழவரின் கை துழாவி அவன் மணிக்கட்டைப் பிடித்தது. பிடியில் பலமில்லை.

"இத்தனை நாள்ல, அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் என் கையில குடு, தடவிப் பாக்கறேன்னு உங்கிட்ட ஒரு தடவை கேட்டேனா?"

"இல்ல."

"ஏன் கேக்கலன்னு யோசிச்சியா?"

நார்சீஸ் மற்றக் கையால் கிழவரின் போர்வையைச் சரிசெய்தான்.

"எழுபத்தோரு வயசுல ரயில்ல, நீராவிப் படகுல, மாட்டு வண்டியில போயிட்டு வந்தேன். ஆறு வாரம் அவங்களோட மல்லுக்கு நின்னேன். கொண்டு வந்தது இம்மாத்துண்டு. அதுலயும் பாதியை நீ வந்து பிடுங்கிக்கிட்டா நான் எதை வச்சுக்கிட்டு சாவறது?" கையை விட்டார். "எனக்குச் சொல்லாத. தெரிஞ்சு என்னால ஆகப்போறது ஒண்ணுமில்ல. யாருக்குத் தெரியணுமோ அங்க போ. இல்ல, யாருகிட்டயும் போகாத. வெயில் முகத்துல அடிக்குது, திரைய இழுத்துவிட்டுட்டுப் போ."

நார்சீஸ் திரையை இழுத்துவிட்டான். மூலையில் தகரப் பெட்டி இருந்தது. அதைத் தொடாமல் வெளியே வந்தான்.

மிச்சம் இரண்டரை மணி நேரம்.

*

ஜோஸெத் மேஜையைத் துடைத்து வைத்திருந்தாள். தட்டு ரொட்டி, சர்க்கரை போட்ட டீ. கதவில் இடம் பார்த்துக் கரியால் நாலு புள்ளி வைத்திருந்தாள். ஜன்னல் விளிம்பில் நாலு ஆணி.

"கொண்டு வந்தியா?"

"மனப்பாடமா தெரியும்," என்றான் நார்சீஸ்.

பொய்யில்லை. அந்த இரண்டு வரியும் அவனே கட்டியவை. காகிதத்தை விரித்து மேலே 'நகல்' என்று எழுதினான். முதல் வரி. இரண்டாவது வரி. மந்திரியின் பெயர், பதவி, தேதி. எட்டு வருஷப் பழக்கம் கையை நடத்திச் சென்றது.

கடைசியில் நகலெழுதுகிறவன் வழக்கமாகப் போடும் வரி ஒன்று உண்டு. 'மூலத்தோடு ஒப்பிட்டேன், சரி.' கம்பெனி அலுவலகத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அதுதான். விலைப்பட்டியல், தோல் கணக்கு, கடிதம், எதுவானாலும் ஒப்பிடாமல் அந்த வரியை எழுதக் கூடாது. அவன் அதை இரண்டாயிரம் தடவையாவது எழுதியிருப்பான். ஒரு தடவைகூட ஒப்பிடாமல் எழுதியதில்லை.

பேனாவை மையில் தொட்டான். சொட்டு விழாமலிருக்கப் புட்டியின் விளிம்பில் துடைத்தான். மறுபடி தொட்டான்.

"மை தீந்துபோச்சா?" என்றாள் ஜோஸெத்.

"இல்லக்கா."

எழுதினான். கீழே தன் பெயரைப் போட்டான்.

வெளியே குதிரைச் சத்தம். ஆறு துப்பாக்கிக்காரர்களில் இன்னொருவனான ஷார்லோ. குதிரைமேல் போர்வைச் சுருளும் உலர்ந்த இறைச்சி மூட்டையும் கட்டியிருந்தன. இறங்காமலே கூப்பிட்டான்.

"டேய் மொயீஸ்! இன்னும் பூசிக்கிட்டா இருக்க? வீட்டுக்கா, கல்லறைக்கா?"

"ரெண்டுக்கும் ஒரே மண்ணுதான். நீ எங்க கிளம்பிட்ட?"

"தெக்கே. நீயும் வரேன்னா வா. சாயங்காலத்துக்குள்ள ஆத்தோட பெரிய வளைவைத் தாண்டிடணும்."

"நான் எதுக்கு வரணும்? என் வீட்டுல காகிதம் இருக்குடா. மச்சான், கொண்டா அதை. இவனுக்குப் படிச்சுக் காட்டு."

நார்சீஸ் வாசலுக்கு வந்தான். ஷார்லோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். மொயீஸ் தலையில் தொப்பி இல்லை. காய்ந்த களிமண்தான் இருந்தது. நார்சீஸ் இரண்டு வரியையும் படித்தான். மந்திரியின் பெயரையும் தேதியையும் படித்தான். கடைசி வரியைப் படிக்கவில்லை.

"அவ்வளவுதானா? ரெண்டே வரியா?" என்றான் ஷார்லோ.

"உன்னைத் தூக்குல போட ஒரு வரி போதும்," என்றாள் ஜோஸெத். "காப்பாத்த ரெண்டு வரி குடுத்திருக்காங்க. இன்னும் என்ன, பாட்டு வேணுமா?"

ஷார்லோ சத்தமாகச் சிரித்தான். தோள் தளர்ந்தது. குதிரையிலிருந்து இறங்கினான். "எனக்குப் போகவே மனசில்ல. தெக்கே மச்சினி வீட்டுல இருக்கணும். அவ பேச்சைக் கேக்கறதுக்கு இங்கயே சுடச் சொல்லலாம்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன்." சேணத்தின் வாரைத் தளர்த்தத் தொடங்கினான். "அக்கா, டீ இருக்கா?"

"இருக்கு. காலைத் துடைச்சுக்கிட்டு வா."

மொயீஸ் குழியை விட்டு ஏறி வந்தார். முழங்காலில் களிமண் காய்ந்து வெடித்திருந்தது. நார்சீஸின் கையிலிருந்து காகிதத்தை இரண்டு விரலால், ஓரத்தை மட்டும் பிடித்து வாங்கினார். கதவில் வைத்துப் பார்த்தார்.

"நேரா இருக்கா?"

"வலது பக்கம் கொஞ்சம் தூக்குங்க," என்றாள் ஜோஸெத். ஆணியை எடுத்துக் கொடுத்தாள்.

ஷார்லோவின் குதிரை சேணம் இறங்கி உடம்பைச் சிலுப்பியது. மிச்சம் ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும்.

"அத்தான், ஆணி அடிக்காதீங்க."

"ஏன், மை காயலையா?"

"ஷார்லோ, சேணத்தைத் திரும்பக் கட்டு."

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். ஜோஸெத்தின் கையில் இன்னும் மூன்று ஆணி இருந்தது.

"அது நான் எழுதினது," என்றான் நார்சீஸ்.

"அது தெரியுமே. உன் கையெழுத்து அழகுன்னு ஊருக்கே தெரியும்," என்றார் மொயீஸ்.

"இல்ல அத்தான். அது நகல் இல்ல. அதுக்கு மூலமே கிடையாது. மந்திரி வாயால சொன்னார். எழுதிக் குடுக்கல. நான் கேக்கவே இல்ல."